மருமகன் என்னும் சொல்: நாஞ்சில் நாட்டு எல்லையும் இரு படைப்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ சமூகச் சீர்திருத்த அங்கதமாகவும், நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ வட்டார நாவலாகவும் படிக்கப்பட்டு வருகின்றன. இவ்விரு வாசிப்புகளும் ஒன்றையொன்று தொடாமலேயே நிற்கின்றன. சொத்துரிமை ஒரு திசையிலும் குடியிருப்பு முறை மற்றொரு திசையிலும் சென்ற ஓர் எல்லைப்பகுதியின் வேளாண் குடும்பமே இரண்டிற்கும் பொதுவான பொருளாகும். ‘மருமகன்’ என்னும் உறவுச்சொல் அடைந்த பொருள்மாற்றத்தைக் கொண்டு இதனை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. சீர்திருத்தத்தால் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்னும் கேள்வியும் இதனோடு சேர்ந்தே எழுகிறது.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, மருமக்கள் வழி, கவிமணி, நாஞ்சில் நாடன், பழையாறு, உறவுச்சொல், எல்லைப்பகுதி

எல்லை ஓடும் இடம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குப் பாதியான பழைய தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு எனப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள் ஒருபுறம், கடல் மறுபுறம். இடையே ஆரல்வாய்மொழிக் கணவாய் திருநெல்வேலிச் சீமைக்கு வாயிலாக அமைந்துள்ளது. சுருளோட்டுப் பக்கம் தோன்றி மணக்குடியில் கடல் சேரும் பழையாறும், அதன் நீரை ஏந்தும் குளங்களின் தொடரும் இப்பகுதியை நெல்விளையும் பூமியாக்கின. 1906ஆம் ஆண்டில் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை கோதையாற்று நீரையும் இவ்வயல்களுக்குச் சேர்த்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால் இருபோக நெல் இங்கே இயல்பாயிற்று.

அவ்விரு போகங்களுக்கும் வழங்கும் பெயர்களைக் கருத வேண்டும். தாமிரபரணிப் பாசனத்து உழவர் தம் போகங்களைக் கார் என்றும் பிசானம் என்றும் குறிப்பர். கணவாயைக் கடந்து மேற்கே வந்தால் அவை கன்னிப்பூ என்றும் கும்பப்பூ என்றும் ஆகின்றன. கன்னியும் கும்பமும் கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்கள். தமிழ் வழக்கில் அவை புரட்டாசியும் மாசியும் ஆகும். தமிழ் பேசும் உழவர், தமிழ்நாட்டு உழவரின் கலப்பையையும் விதைப்பாட்டுக் கணக்கையும் கொண்டு உழுது, அறுவடையை மட்டும் திருவிதாங்கூரின் நாட்காட்டியால் பெயரிட்டனர். எல்லை என்பது வரைபடத்தில் மலைமேல் இழுக்கப்பட்ட கோடு மட்டுமன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

வணிகமும் இதே கணவாய் வழியே நடந்தது. தாலமியின் நிலவியல் குறிப்பிலேயே இடம்பெறும் கோட்டாறு, பிற்காலத்திலும் இருபுறத்துச் சரக்கும் கூடும் சந்தையாக நீடித்தது. திருவிதாங்கூர், கொச்சி, ஆங்கிலேய இந்தியா ஆகியவற்றிடையே 1865ஆம் ஆண்டில் ஏற்பட்ட வணிக உடன்பாடு சுங்கத் தடைகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. எனினும் நாஞ்சில் நாட்டு நெல்லின் முதன்மையான திசை மேற்காகவே இருந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று இப்பகுதி பெயர் பெற்றமைக்குக் காரணம் அதுவே. நெல் மேற்கு நோக்கிச் சென்ற அதே வழியில் ஆட்சியும் வரியும் வழக்குமன்றமும் மேற்கிலிருந்து வந்தன. அவற்றோடு ஒரு சொத்துரிமை முறையும் வந்தது.

மருமக்கள் வழி எனப்படும் அம்முறையில் ஒருவரின் குடும்பச் சொத்து அவர் பெற்ற மக்களுக்கன்றி, உடன்பிறந்தாள் பெற்ற மருமக்களுக்குச் செல்லும். நாஞ்சில் நாட்டு வேளாளர் இதனை எப்போது, எதனால் ஏற்றனர் என்பதற்கு அரச நெருக்கடி முதலாகப் பல விளக்கங்கள் வழங்குகின்றன. இலக்கிய வாசிப்புக்குத் தோற்றக் காரணத்தைவிட விளைவே இன்றியமையாதது. கணவாய்க்குக் கிழக்கேயுள்ள வேளாளர் மக்கள் வழியினராக இருக்க, மேற்கேயுள்ள வேளாளர் மருமக்கள் வழியினராயினர். ஆயினும் மலையாள நாட்டு நாயர் குடும்பங்களில் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழ்ந்ததுபோல நாஞ்சில் நாட்டு வேளாளப் பெண் வாழவில்லை. அவள் கணவன் வீட்டிற்குச் சென்றாள். உரிமை மேற்கத்திய முறையில் தாய்வழி ஓடியது. குடியிருப்பு கிழக்கத்திய முறையில் கணவன்வழி அமைந்தது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தபோது, கணவன் வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணும் அப்பிள்ளைகளும் அவ்வீட்டின் நிலத்திற்கு அயலார் ஆயினர். மான்மியத்தின் அவலம் முழுவதும் இப்பொருந்தாமையிலிருந்து பிறக்கிறது.

மாமியின் அரசு

‘மருமக்கள்வழி மான்மியம்’ 1917-18ஆம் ஆண்டுகளில் ‘தமிழன்’ இதழில் தொடராக வெளிவந்தது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த இப்படைப்பு, அகவல் நடையில் நாஞ்சில் நாட்டுப் பேச்சுமொழியை ஏற்றிக்கொண்டது. நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926ஆம் ஆண்டில் நிறைவேறுவதற்கு முன்னிருந்த கருத்துச்சூழலை உருவாக்கியதில் இதற்குப் பங்குண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. இதனாலேயே திறனாய்வு இப்படைப்பைப் பெரும்பாலும் அதன் பயனைக் கொண்டு அளந்துவிட்டது. சட்டம் வந்ததும் நூலின் வேலை முடிந்ததாகக் கருதும் போக்கு, நூலுக்குள் இருப்பதை ஊன்றிப் பார்க்கத் தடையாயிற்று.

தலைப்புகளிலிருந்தே தொடங்கலாம். மான்மியம் என்பது தலத்தின் பெருமை கூறும் நூலுக்குரிய பெயர். சுசீந்திரம் போன்ற தலங்கள் நிறைந்த நாட்டில் வழக்கத்தின் ‘பெருமை’யைக் கூற அச்சொல் எடுக்கப்பட்டிருப்பது வெளிப்படையான அங்கதம். இதனைப் பலரும் குறித்துள்ளனர். அதைவிட நுட்பமானது ‘குலமுறை கிளத்து படலம்’ என்னும் முதற்படலத் தலைப்பு. கம்பராமாயணப் பாலகாண்டத்தில் இதே பெயரில் ஒரு படலம் உண்டு. அங்கே மிதிலை அவையில் விசுவாமித்திரர் இராமனின் குலமுறையைத் தந்தை, மகன், அவன் மகன் என்று அடுக்கிக் கூறுகிறார். அத்தலைப்பை மருமக்கள் வழி வீடொன்றின் கதைக்குச் சூட்டும்போது, தந்தைவழி அடுக்கு சாத்தியமே இல்லாத ஓர் இடத்தில் காப்பியத்தின் மிக உறுதியான தந்தைவழி மரபு வைக்கப்படுகிறது. குலமுறை கூறுபவளோ முனிவரல்லர். கூறப்படும் குலத்தில் இடமே இல்லாத ஐந்தாம் மனைவி. நாகாஸ்திரம், கருடாஸ்திரம் என்னும் படலப் பெயர்கள் இராமாயணப் போர்க்களத்தையும், ‘கடலாடு படலம்’ சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையையும் நினைவூட்டுகின்றன. காப்பியங்களில் போரும் பிரிவும் நிகழும் இடங்களைக் கவிமணி குடும்பக் கணக்கு வழக்கின் இடங்களாக மாற்றுகிறார்.

‘மாமி அரசியற் படலம்’ தனியே நின்று நோக்கத்தக்கது. மாமியார் கொடுமை தமிழ் நாட்டுப்புற மரபுக்குப் புதிதன்று. அதனால் இப்படலமும் அவ்வகையில் ஒன்றாகவே படிக்கப்படுகிறது. ஆனால் மருமக்கள் வழிக் குடும்பத்தில் மாமி வேறொரு நிலையினள். மக்கள் வழி வீட்டில் மாமியாரும் ஒருகாலத்தில் வெளியிலிருந்து வந்தவளே. மகனின் தாய் என்பதாலேயே அவளுக்கு அதிகாரம். மருமக்கள் வழி வீட்டில் காரணவரின் தாய் அவ்வீட்டின் வழித்தோன்றல். சொத்து அவள் வயிற்றின் வழியே, அவள் மகள் வயிற்றின் வழியே இறங்குகிறது. மருமகளோ சட்டப்படி விருந்தாளி. எனவே ‘அரசியல்’ என்னும் சொல் இங்கே கேலி மட்டுமன்று. உரிமையுடையவள் உரிமையற்றவள்மேல் செலுத்தும் ஆட்சிக்கு அதுவே சரியான பெயர். கதைசொல்லியின் துயரம் உண்மையானது. மாமியின் அதிகாரமும் அவ்வழக்கப்படி முறையானது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காதவரை இப்படலம் குணக்கேடு பற்றிய கதையாகச் சுருங்கிவிடும்.

மருமகன் என்னும் சொல்லின் சிக்கல் இங்கிருந்து தொடங்குகிறது. தமிழில் உடன்பிறந்தாள் மகனும் மருமகன். மகளின் கணவனும் மருமகன். முறைமணம் வழங்கும் சமூகத்தில் இருவரும் ஒருவராக இருக்க முடியும் என்பதால் ஒரு சொல் போதுமானதாயிற்று. மருமக்கள் வழியில் இப்பொருத்தத்திற்குப் பொருளியல் பயனும் உண்டு. காரணவரின் மகளை அவர் மருமகனே மணந்துகொண்டால், தந்தையின் சொத்தில் உரிமையற்ற மகள் கணவனின் உரிமை வழியாக அதே வயலின் நெல்லை உண்பாள். பிளவை மறைக்கும் ஒட்டுப்பலகையாக முறைமணம் செயல்பட்டது எனலாம். மனைவியர் பலராகவும் மக்கள் பலராகவும் மருமக்கள் சிலராகவும் ஆகும்போது ஒட்டு விடுகிறது. ஐந்து மணங்கள் செய்த காரணவரைக் கவிமணி தேர்ந்தது நகைச்சுவைக்காக மட்டுமன்று. அவ்வெண்ணிக்கை ஏற்பாட்டின் தாங்குதிறனை மீறுவதற்காகவும் தேவைப்பட்டது.

வழக்கம் தனக்குள் சில தணிப்புகளை வைத்திருந்தது. தந்தையின் குடும்பத்திலிருந்து மக்களுக்கு அளிக்கப்பட்ட பங்கு உகந்துடைமை எனவும், கணவனை இழந்த அல்லது விலக்கப்பட்ட பெண்ணின் வாழ்வுக்கு அளிக்கப்பட்டது நங்குடைமை எனவும் வழங்கின. இவ்விரு சொற்களும் எவ்வளவு அன்பாக ஒலித்தாலும், கொடுப்பவர் மனம் வைத்தால்தான் பெறுபவருக்குக் கிடைக்கும் என்னும் நிலை அவற்றுள் இருந்தது. தராதபோது செல்லும் இடமே ‘கோடு’. கோர்ட் என்னும் ஆங்கிலச் சொல் பேச்சில் கோடு ஆயிற்று. ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்னும் தலைப்பில் மலையுச்சி, மரக்கிளை, நேர்மையின்மை என்னும் பழைய பொருள்களெல்லாம் அச்சொல்லின் பின்னே நிற்கின்றன. ஏறியவர் இறங்க முடியாத உயரம் அது. வயலின் விளைச்சல் பத்தாயத்திற்குப் போகாமல் வழக்கறிஞருக்குப் போகும் நிலையை இத்தலைப்பு ஒன்றே உணர்த்திவிடுகிறது.

கவிமணி கல்வெட்டுகளையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்தவர். அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகளை வெளிக்கொணர்ந்தவர். நிலத்தின் உரிமை எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்வாறு கைமாறுகிறது என்பதை அவ்வோலைகளில் கண்ட கண்ணே மான்மியத்தையும் எழுதியது. அவரைக் குழந்தைப் பாடல்களின் எளிய கவிஞராக மட்டும் நிறுத்திவிட்ட பாடநூல் மரபு, ஆவண அறிவுள்ள இக்கவிஞரைக் கவனிக்கத் தவறியது.

மான்மியத்தின் குறையும் இங்கேதான் உள்ளது. சொத்து யாருக்கு என்பதில் முனைப்புக் காட்டும் படைப்பில், அச்சொத்தை வயலில் விளைவித்தவரின் குரல் மையத்துக்கு வருவதில்லை. அதே நாட்டில் அதே காலத்தில் நிலமற்ற உழைக்கும் சாதியினர் எழுப்பிக்கொண்டிருந்த உரிமைக் கேள்விகள் காரணவர் வீட்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே நுழையவில்லை. வேளாளர் வீட்டின் உட்பூசலே நாஞ்சில் நாட்டின் முழுத்துயரம் என்று தோன்றச்செய்யும் ஆற்றல் அங்கதத்திற்கு இருந்தது; அது அதன் வெற்றியோடு பிறந்த குறை.

எல்லை மாறிய பின்

திருவிதாங்கூரில் நாயர்களின் மருமக்கத்தாயத்தை மாற்றும் சட்டங்கள் 1912ஆம் ஆண்டிலும் 1925ஆம் ஆண்டிலும் வந்தன. அவற்றை ஒட்டி 1926ஆம் ஆண்டுச் சட்டம் நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே மக்கள் தந்தைவழி உரிமை பெற வழி திறந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1956 நவம்பர் 1ஆம் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மொழிவழி மாநில வரலாற்றில் இந்நாளுக்குரிய இடம் நன்கு அறியப்பட்டது. குறைவாகப் பேசப்படுவது நிலத்தின் கணக்கு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் குமரி மாவட்டத்தில் இருந்தன. அவற்றை ஒழித்து ரயத்துவாரி நிலமாக்கும் சட்டம் 1964ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. மாநில எல்லை கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தபின்னும் எட்டாண்டுகள் வயலின் கடப்பாடு பழைய திசையையே நோக்கியிருந்தது. நாஞ்சில் நாட்டுப் புனைவுகளைப் படிப்போர் 1956ஐ ஒரு முற்றுப்புள்ளியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தலைகீழான மருமகன்

1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தலைகீழ் விகிதங்கள்’ இச்சட்டங்களுக்கெல்லாம் பிற்பட்ட தலைமுறையின் கதை. படித்தும் வேலை கிடைக்காத சிவதாணு வசதியுள்ள வீட்டுப் பெண் பார்வதியை மணக்கிறான். மாமனார் வீட்டுச் செல்வத்தின் நிழலில் அவன் தன்மதிப்பு தேய்கிறது. இந்நாவலை வேலையில்லாத் திண்டாட்டத்தின் கதையாகவும் ஆண்மனத்தின் தன்முனைப்பு பற்றிய கதையாகவும் படிக்க இடமுண்டு. 2002இல் தங்கர் பச்சான் இயக்கத்தில் ‘சொல்ல மறந்த கதை’ என்னும் திரைப்படமாக இது மாறியபோது, குடும்ப நாடகம் என்னும் கூறே முன்னுக்கு வந்தது.

மான்மியத்தின் அருகில் வைத்துப் படிக்கும்போது இந்நாவல் வேறொரு தோற்றம் கொள்கிறது. மான்மியத்தில் மருமகன் என்பவன் உரிமையோடு வந்து பங்கு கேட்பவன். அவன் வருகை வீட்டுக்காரியை நடுங்கச்செய்கிறது. நாவலில் மருமகன் என்பவன் பங்கு கேட்க உரிமையற்றவன். வீட்டோடு மாப்பிள்ளை என்னும் நிலையை நோக்கித் தள்ளப்படுபவன். அங்கே மருமகன் உடன்பிறந்தாள் மகன். இங்கே மகளின் கணவன். சொல் மாறவில்லை, சொல்லுக்குள் இருந்த ஆள் மாறிவிட்டான். அறுபது ஆண்டுகளில் நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பம் கடந்துவந்த தொலைவை இவ்வொரு சொல்லைக் கொண்டே அளக்கலாம்.

பொருந்தாமை மறையவில்லை, திசை மாறிற்று. முன்பு உரிமை தாய்வழியிலும் குடியிருப்பு கணவன்வழியிலும் இருந்தன. இடையில் நசுங்கியவள் மனைவி. இப்போது உரிமை தந்தைவழியில் வந்துவிட்டது. வறுமையோ மணமகனை மனைவியின் வீட்டுக்கு அழைத்துச்செல்கிறது. இடையில் நசுங்குபவன் கணவன். மான்மியத்தின் ஐந்தாம் மனைவியும் நாவலின் சிவதாணுவும் ஒரே இடத்தில் நிற்கின்றனர். இருவரும் தமக்கு உரிமையில்லாத வீட்டில், பிறர் வயலின் நெல்லை உண்டு, அதற்குரிய சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். தலைகீழ் விகிதம் என்னும் கணக்குச் சொல் ஒன்று கூடும்போது மற்றொன்று குறைவதைக் குறிக்கும். அத்தலைப்பு நாவலின் கணவன் மனைவியருக்கு மட்டுமின்றி, இவ்விரு படைப்புகளின் உறவுக்கும் பொருந்துகிறது. நாவலாசிரியர் மான்மியத்தை மனத்தில் கொண்டு எழுதினார் என்று கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே நிலத்தின் கணக்கை இருவரும் எழுதியதால் விடைகள் இவ்வாறு எதிரெதிரே அமைந்தன.

நாவலின் வட்டாரத்தன்மை பற்றிய பேச்சும் இங்கே திருத்தம் பெற வேண்டும். நாஞ்சில் நாடனின் மொழியைப் பாராட்டும் கட்டுரைகள் பலவும் வட்டாரச் சொற்களைப் பட்டியலிட்டுப் பொருள் கூறுவதோடு நின்றுவிடுகின்றன. பத்தாயம், படப்பு, பூ, விதைப்பாடு, காரணவர் போன்ற சொற்கள் வெறும் மண்வாசனைக்கு உரியன அல்ல. நெல் எங்கே சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது, யார் பெயரில் சேர்கிறது என்பதைக் குறிக்கும் உடைமைச் சொற்கள் அவை. அவற்றுள் பல மலையாளத்தோடு பொதுவானவை. பட்டியலில் இடம்பெறும்போது அவை விந்தைப் பொருள்களாகின்றன. கதைக்குள் நின்று படிக்கும்போது வழக்காடுகின்றன.

‘மிதவை’யிலும் ‘எட்டுத்திக்கும் மதயானை’யிலும் நாஞ்சில் நாட்டு இளைஞன் ஊரைவிட்டே வெளியேறுகிறான், பம்பாய் அவன் சேருமிடமாகிறது. ஆறும் அணையும் இருபோகமும் இருந்தும் நிலத்தால் அவனைத் தாங்க முடியவில்லை. மக்கள் வழி வந்ததும் ஒவ்வொரு மகனும் பங்காளியானான். பங்கு சிறுத்தபோது படிப்பே பங்குக்கு மாற்றாயிற்று. படிப்பு வேலையாக மாறாதபோது சிவதாணுக்கள் தோன்றினர். சீர்திருத்தம் தவறென்பது இதன் பொருளன்று. ஐந்தாம் மனைவியின் பிள்ளைகளுக்கு அது நீதி. ஆயினும் பாகப்பத்திரம் வயலைப் பெருக்குவதில்லை.

நாஞ்சில் நாடன் 2003ஆம் ஆண்டில் ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’ என்னும் சமூக வரலாற்று நூலையும் எழுதினார். கவிஞர் ஓலைகளை நாடியதுபோல நாவலாசிரியர் வழக்காறுகளைத் தொகுக்க முற்பட்டது தற்செயலானதன்று. இந்நாட்டில் கதை எழுத முனைபவர் சொத்துரிமை முறையை விளக்காமல் ஓர் உறவைக்கூட முழுமையாகச் சொல்ல இயலாது.

இரு படைப்புகளிலும் குரல் பெறாத ஒருத்தி எஞ்சுகிறாள். மருமக்கள் வழியில் வாரிசைப் பெற்றவள் காரணவரின் உடன்பிறந்தாள். மான்மியத்தில் அவள் தரப்பு எதிர்த்தரப்பு. அவள் கூற்றாக எதுவும் நம்மை வந்தடைவதில்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் மனைவியின் மக்கள் உரிமை பெற்றபோது, உடன்பிறந்தாளின் வழி தன் பிறந்தவீட்டு வயலோடு கொண்டிருந்த பிணைப்பை இழந்தது. அவளுடைய பெயர்த்தியின் தலைமுறையில் பெண்ணின் பங்கு நகையும் ரொக்கமுமாகிய சீதனமாக உருமாறி, நாவலின் மணப்பேச்சுகளில் வந்து நிற்கிறது. பார்வதியோடு வரும் செல்வத்தை ஆண்கள் இருவரின் தன்மதிப்புப் போட்டிக்குரிய பொருளாக மட்டுமே நாவல் பார்க்கிறது. அது ஒருகாலத்தில் எவ்வகை உரிமையாக இருந்தது என்று கேட்பதில்லை. முதலியார் ஓலைகளிலும் நாகர்கோவில் வட்டாரத்துப் பாகப்பத்திரங்களிலும் வழக்குக் கட்டுகளிலும் பெண்களின் கையொப்பங்களும் கைநாட்டுகளும் உள்ள இடங்களைத் தேடிப் படிப்பது, மான்மியத்தின் ஐந்தாம் மனைவிக்கு எதிரே அமர்ந்திருந்த அப்பெண்ணின் தரப்பை மீட்பதற்கான முதல் வேலையாகும்.